கலைத்தவர் உட்கார வேண்டும்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தாறு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தெரியவில்லை. ஆனால் மலையடி டீக்கடையில் ஆறு மாதமாக இதே பேச்சுதான்.

"என்ன வக்கீலய்யா, இன்னிக்கும் டீச்சரம்மா முட்டி போட வெச்சாங்களா?"

"விடுப்பா, இந்த வருஷம் பாஸாயிருவாரு."

குலசேகரன் பதில் சொல்லமாட்டார். முப்பத்தெட்டு வருஷம் கோர்ட்டில் பேசியே பிழைத்தவர், அந்த பெஞ்சில் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார். அவர் மட்டும் ஒரு தாடிக்காரரைத் தேடிப் போயிருந்தால் இதே வாய்கள் அதைத் தவம் என்று சொல்லியிருக்கும். போனது ஒரு பெண்ணிடம். அதுவும் தினக்கூலிக்கு ஓடையைக் காவல் காக்கிற பெண்ணிடம். அதனால் அது வேடிக்கை ஆகிவிட்டது.

டீக்கடைக்கு மேலே தேயிலை. தேயிலைக்கு மேலே சோலைக்காடு. சோலைக்கு உள்ளேயிருந்து ஓர் ஓடை இறங்குகிறது. சின்ன ஓடைதான், பல இடங்களில் ஒரே தாவலில் தாண்டிவிடலாம். பாறைக்குப் பாறை குதித்து வருகிற தண்ணீர் அங்கங்கே ஒரு மடுவில் தங்கி மூச்சு வாங்கும். அந்த மடுக்களில் டிரவுட் மீன் இருக்கிறது.

எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கொண்டுவந்து விட்ட மீன். விட்டவர்கள் போய்விட்டார்கள். மீனுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. குளிர்ந்த தண்ணீர் போதுமென்று தங்கிக் குஞ்சு பொரித்துக் காட்டு மீனாகிவிட்டது. ஒரு மடுவுக்கு ஒரு பெரிய மீன்தான். தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து, ஒரு கல்லின் நிழலில், தனியாக நிற்கும். கரையில் பத்தடி தள்ளி நாம் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போதும், அது இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும்.

அந்த ஓடைக்குக் காவல் தவமணி. சோலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக இருக்கிறாள். மீன் எப்படி இருக்கிறதென்று பார்க்க வாரத்துக்கு ஒன்றிரண்டு பிடிப்பாள். இறகில் கட்டிய பொய்ப்பூச்சி, மெல்லிய தூண்டில் நரம்பு, மூங்கில் கோல். மீன் வந்ததும் கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தூக்குவாள், திருப்பிப் பார்ப்பாள், விட்டுவிடுவாள்.

குலசேகரன் அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று, அவள் இரண்டாம் மடுவின் கரையில் குப்புறப் படுத்திருந்தாள். யாரோ மயங்கிக் கிடப்பதாக நினைத்து அவர் தடதடவென்று ஓடிப்போனார்.

அவள் எழுந்து தூசியைத் தட்டினாள்.

"உட்காருங்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"மீனைக் கலைச்சுட்டீங்க. கலைச்சவங்க உட்காரணும். அது மறுபடி வெளியே வந்து இரை எடுக்கிற வரைக்கும்."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"இந்த ஓடையில."

"நீ போட்டதா?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க. அவங்களுக்கும் முன்னாடி இருந்தவங்க. எனக்குத் தெரியாது. உட்காருங்க."

அவள் சொன்னதைப் பொய்யாக்கிவிட்டுப் போகலாமென்றுதான் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கால் மரத்தது. அட்டை ஒன்று கணுக்காலில் ஏறி வேண்டிய மட்டும் குடித்துவிட்டு விழுந்தது. இரண்டு மணி நேரம் ஆகப்போகும்போது கல்லுக்கு அடியிலிருந்து ஒரு நிழல் நழுவி வந்தது. வந்து, தன் பழைய இடத்தில் நின்றது. மேலே மிதந்து வந்த ஓர் ஈயை ஓசையில்லாமல் எடுத்தது.

குலசேகரன் தம்மை அறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"இப்ப பிடிக்கலாமா?" என்று கேட்டார்.

"இப்ப எழுந்து போகணும்."

"பிடிக்காமலா?"

"பிடிக்காமத்தான்."

"இது என்ன நியாயம்? ரெண்டு மணி நேரம் காத்திருந்தது நான். மீன் வந்திருக்கு. பிடிக்கக் கூடாதுன்னா நான் எதுக்குக் காத்திருந்தேன்?"

"பிடிக்கிறதுக்காகக் காத்திருந்தா அதுக்குப் பேரு காத்திருக்கிறதா? அது வேற."

"வேறன்னா?"

"பதுங்கறது."

அவர் வாயைத் திறந்தார். அதற்கு அவரிடம் மூன்று பதில்கள் இருந்தன, மூன்றும் நல்ல பதில்கள். ஆனால் வெளியே வந்தது வேறு ஒன்று.

"பதினோரு வருஷம் ஆனா?" என்றார். "அப்பவும் வருமா?"

தவமணி திரும்பி அவரைப் பார்த்தாள். எந்த மீனும் பதினோரு வருஷம் கல்லுக்கு அடியில் இருப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

இப்படித்தான் அவர் சீடரானார். ஒரே வாரத்தில் 'நீ' என்பது 'நீங்க' ஆயிற்று. ஒரே மாதத்தில் 'ஏம்மா' என்பது 'அம்மா' ஆயிற்று. குரு என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "குரு கிருன்னா நாளைலேர்ந்து வராதீங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். ஐயா என்று கூப்பிடுவதை அவளும் விடவில்லை.

பதினோரு வருஷக் கதை இது.

குலசேகரனுக்கு ஒரே மகள். மங்கையர்க்கரசி. அரசி என்று கூப்பிடுவார். தாய் இல்லாமல் வளர்ந்தவள். கட்டிக்கொடுத்து மூன்றாம் வருஷம், ஒரு காலை ஏழு மணிக்குக் கையில் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"அப்பா, நான் இனிமே அங்க போகமாட்டேன்."

"என்ன ஆச்சு?"

"அடிக்கிறார்."

எந்த அப்பனும் அந்த இடத்தில் பையை வாங்கி உள்ளே வைப்பான். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"எத்தனை தடவை?"

"தெரியலப்பா. நிறைய."

"நிறையன்னா? கடைசியா எப்போ? தேதி சொல்லு."

அவள் ஒரு தேதி சொன்னாள். அன்றைக்கு மாப்பிள்ளை வெளியூரில் இருந்தது அவருக்குத் தெரியும். அதைச் சொன்னார். அவள் வேறு தேதி சொன்னாள். முதலில் ஏன் அந்தத் தேதி சொன்னாய் என்றார். யார் பார்த்தது, சத்தம் போட்டாயா, பக்கத்து வீட்டுக்குக் கேட்டதா, ஏன் போன மாதமே சொல்லவில்லை. நடுநடுவே கேள்வியை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி தானாகவே உளற வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார்.

ஒன்பது மணிக்குள் அவள் சொன்னதில் நான்கு முரண்பாடுகளைக் காட்டிவிட்டார். அவருக்கு மகளைப் பிடிக்காமல் இல்லை. இப்படித்தான் அவருக்கு உண்மையைக் கண்டுபிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு வாதத்தில் அவர்தான் ஜெயித்தார்.

அரசி காபிகூடக் குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, அப்பா வீட்டுக்கும் திரும்பி வரவில்லை. ஈரோட்டில் மின்வாரியத்தில் வேலை என்று யாரோ சொன்னார்கள்.

அவர் கடிதம் எழுதினார். பத்தி பத்தியாக, எண் போட்டு. பதில் இல்லை. இன்னும் தெளிவாக எழுதினார். பதில் இல்லை. வேலையை விட்டார். மலைமேல் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்து வந்து சேர்ந்தார். புது விலாசத்தையும் கைபேசி எண்ணையும் கடைசிக் கடிதத்தில் எழுதிப் போட்டார்.

அங்கே மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி ஏறிவிடும். ஜன்னலுக்கு வெளியே எதுவும் இருக்காது. ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். சில நாள் ரேடியோ செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவரும் வணக்கம் சொல்வார். பிறகு தம் குரலைத் தாமே கேட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் சுற்றிப் பார்ப்பார். பார்க்க யாரும் இல்லை.

அதனால் ஓடைக்குப் போனார். தினமும் போனார்.

தவமணி அவருக்குக் கோலைத் தரவில்லை. நடக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"கீழேருந்து மேல வாங்க. அதுக்கு முதுகுப் பக்கமா."

"சரி."

"குதிகாலை ஊனாதீங்க. மண்ணு அதிரும். மண்ணு அதிர்ந்தா தண்ணிக்குத் தெரியும்."

"நாம பேசறது அதுக்குக் கேக்காதா?"

"பேச்செல்லாம் அவ்வளவா கேக்காது. மிதிக்கிறதுதான் கேக்கும். அப்புறம் நிழலு. உங்க நிழலு எங்க விழுதுன்னு பாருங்க."

அறுபத்தாறு வயது வரைக்கும் தம் நிழல் எங்கே விழுகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தார். அது அவரைவிடப் பத்தடி முன்னால் போய், மடுவின் மேல் விழுந்து கிடந்தது.

"உட்காருங்க" என்றாள் தவமணி.

உட்கார்ந்தார். அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தார். கலைப்பதும் உட்காருவதுமாக இரண்டு மாதம் போயிற்று. மூன்றாம் மாதம், மடுவின் பக்கத்தில் மூச்சு விடுவது கேட்காமல் படுத்திருக்க அவருக்கு வந்துவிட்டது. ஐந்தாம் மாதம் கோலைக் கொடுத்தாள். இறகுப் பூச்சி தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும், நரம்பு இழுக்கக் கூடாது, இழுத்தால் மீனுக்குத் தெரிந்துவிடும். அதுவும் வந்தது. ஒரே ஒரு மீன் பிடித்தார், ஒரு சாண் நீளம். கையை நனைத்துக்கொண்டு தூக்கினார். உள்ளங்கையில் அது துடித்ததில் அவர் உடம்பே ஒருமுறை அதிர்ந்தது.

"விடுங்க" என்றாள் அவள்.

விட்டார்.

"ஏன் அம்மா இதைத் திங்கக் கூடாது?"

"திங்கலாமே. பசிச்சா."

"பசிக்கலைன்னா எதுக்குப் பிடிக்கணும்?"

"நல்லா இருக்கான்னு பாக்க."

"பிடிக்காமலே நல்லா இருக்குமே. முள்ளுல குத்தி இழுத்து, நல்லா இருக்கியான்னு கேக்கறது என்ன முறை?"

தவமணி சிரித்துவிட்டாள். "அந்தக் கேள்வி எனக்கும் இருக்குங்கய்யா. பதில் தெரிஞ்சா சொல்லுங்க."

அவளிடம் அவருக்குப் பிடித்தது இதுதான். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுவாள்.

கார்த்திகை பிறந்த ஒரு காலை, அவர் சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்றபோது கைபேசி கூவியது. தெரியாத எண். நான்கே வரி.

'சனிக்கிழமை வேலையாக மேலே வருகிறேன். மூன்று மணிக்கு அரை மணி நேரம் கிடைக்கும். மூன்றே முக்கால் பஸ்ஸில் மலை இறங்கிவிடுவேன். பார்ப்பதென்றால் பார்க்கலாம். அரசி.'

பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பதில் எழுதினார், அழித்தார். எழுதினார், அழித்தார். வீட்டுக்கு வா என்று எழுதக் கை வரவில்லை. வாசலும் நாற்காலியும் உள்ள எந்த இடத்துக்கும் அவளைக் கூப்பிட அவருக்குப் பயமாக இருந்தது. கடைசியில், 'ஓடையில் இரண்டாம் மடு. தவமணி என்பவர் வழி காட்டுவார்' என்று அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனபோது அவர் சட்டைப்பையில் மடித்த தாள் இருந்தது. தவமணி ஒரு பழைய சல்லடை வலையைப் பிரித்துப் போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என் மகள் வர்றா."

அவள் கை நின்றது. "வரட்டுங்கய்யா. நல்லது."

"என்ன பேசணும்னு எழுதி வெச்சிருக்கேன். கேக்கறீங்களா?"

"சொல்லுங்க."

தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார். ஒன்று, தாம் செய்தது தவறு. இரண்டு, அந்தத் தவறு எந்தச் சூழ்நிலையில் நடந்தது. மூன்று, அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது தேதி சரியானதே என்று பின்னால் தெரியவந்தது. நான்கு—

"எத்தனை இருக்கு?"

"ஏழு."

"ஏழா?"

"குறைச்சிருக்கேன். பதினஞ்சு இருந்தது."

தவமணி வலையைக் கீழே வைத்தாள்.

"நான் என்னதான் செய்யணும்? நீங்களாவது சொல்லுங்க அம்மா."

அவள் எழுந்து ஓடையைப் பார்த்து நடந்தாள். அவரும் பின்னால் போனார். இரண்டாம் மடுவின் கரையில் அவள் கால் பட்டு ஒரு கூழாங்கல் உருண்டு தண்ணீரில் விழுந்தது. தெரிந்து தட்டினாளா, தவறித் தட்டினாளா, அவருக்குத் தெரியவில்லை. மீன் மறைந்தது. அவள் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

பனி வந்து மடுவை மூடியது, பிறகு விலகியது. சோலைக்குள் ஒரு பறவை ஒரே ஒரு தடவை கத்தியது. முக்கால் மணி நேரம் கழிந்து மீன் வந்தது, நின்றது, ஒரு பூச்சியை எடுத்தது. தவமணி எழுந்து, திரும்பிப் பார்க்காமல், கொட்டகைக்குப் போய்விட்டாள்.

குலசேகரனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் கண் நிறைந்தது. தாளை எடுத்து நான்காகக் கிழித்துச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே மடுவின் கரையில் போய் உட்கார்ந்தார். துவைத்த சட்டை. கோல் கொண்டுவரவில்லை. மேகம் விலகி வெயில் வந்திருந்தது. தம் நிழல் தண்ணீரில் விழாதபடி தாழக் குனிந்து உட்கார்ந்தார். மீன் தன் கல்லின் பக்கத்தில் நின்றது. அவர் வந்தது அதற்குத் தெரியவே இல்லை.

மூன்று மணிக்கு, பின்னாலிருந்து காலடி கேட்டது. மண் அதிர்ந்தது. குழந்தையாக ஓடிய காலத்திலிருந்து அந்த நடை அவருக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கும். நெஞ்சு இடித்த இடியில் மீன் ஓடிவிடுமோ என்று பயந்தார்.

ஒரு நிழல் நீண்டு வந்து தண்ணீரின்மேல் விழுந்தது. மீன் மறைந்தது.

"அப்பா."

அவர் திரும்பவில்லை. சட்டென்று தலையைத் திருப்பினால் எதுவும் ஓடிவிடும்.

"நான் அரசி."

வாய்க்குள் ஒரு கேள்வி வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. 'ஏன் இவ்வளவு நாள்?' அவருக்கு அதை அடையாளம் தெரிந்தது. அதன் பின்னால் இன்னும் பத்துக் கேள்விகள் வரிசையில் நிற்பதும் தெரிந்தது. பல்லை இறுக்கிக்கொண்டார். அசையக் கூடாது. கூப்பிடக் கூடாது. இழுக்கக் கூடாது. அதுவாக வரட்டும்.

"அப்பா, காது கேக்குதில்ல?"

கேட்டது. பதினோரு வருஷத்தில் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. சளி பிடித்திருக்கிறதோ என்று நினைத்தார். அசையவில்லை.

அவள் இன்னும் இரண்டடி கிட்டே வந்தாள். வருகிறாள், வருகிறாள் என்று அவர் உள்ளம் துள்ளியது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஓரடி.

"நான் சண்டை போட வரல" என்றாள். "உங்களைப் பாக்கணும்போல இருந்துச்சு. அதான்."

தண்ணீர் பாறையில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணிலிருந்து வழிந்தது. முகம் தண்ணீரைப் பார்த்து இருந்ததால் அதை அவள் பார்க்க வழியில்லை. கையை எடுத்துத் துடைக்கவும் இல்லை. துடைத்தால் அசைந்ததாகிவிடும்.

வெகுநேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது.

"சரி" என்றாள்.

நிழல் தண்ணீரிலிருந்து பின்வாங்கியது. காலடி, இடது கால் கொஞ்சம் அழுத்தி, கீழே இறங்கிப் போயிற்று.

குலசேகரன் அப்போதும் எழுந்திருக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்துவிட்டோம் என்று அவருக்கு மெல்ல ஒரு நிம்மதி ஏற்பட்டது. முதல் தடவை ஓடத்தான் செய்யும். கலைத்தவர் உட்கார வேண்டும், அவ்வளவுதானே. உட்கார்ந்திருந்தார். கல்லுக்கு அடியையே பார்த்துக்கொண்டு, பாதையை நோக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு, திரும்பி வரும் காலடிக்காக உட்கார்ந்திருந்தார்.

காலடி வந்தது. ஆனால் அந்தக் காலடி இல்லை. இது ஓடி வந்தது. அந்தக் கரையில் யாரும் ஓடி அவர் கேட்டதில்லை.

தவமணி. மூச்சு இரைக்க வந்து நின்றாள்.

"என்னய்யா பண்ணினீங்க?"

"மெதுவா, அம்மா. மெதுவா." அவர் குரலைத் தணித்துச் சொன்னார். "நான் அசையவே இல்ல. ஒரு வார்த்தை பேசல."

"ஒரு வார்த்தை பேசலையா?"

"ஒண்ணுகூட. கேள்வியே கேக்கல. கிட்ட வந்தா. ரெண்டடி வந்தா. அப்புறம் போயிட்டா. திரும்பி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

தவமணி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அழுதுக்கிட்டே போறாங்கய்யா அந்தப் பொண்ணு. கொட்டகையில தண்ணி கேட்டாங்க. வாங்கினவங்க குடிக்கல. என்னம்மா ஆச்சுன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா?"

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்பினார்.

"'அப்பா மாறவே இல்ல. கோர்ட்டுல சாட்சியை உளற வைக்கிறதுக்கு இப்படித்தான் பேசாம உட்கார்ந்திருப்பார். அன்னிக்கும் நடுநடுவுல இப்படித்தான் இருந்தார்'னாங்க."

குலசேகரனின் முகத்தில் இருந்த நிம்மதி அப்படியே நின்றது. போக அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்கதான் அம்மா நேத்து காட்டினீங்க" என்றார். "இங்கேயேதான். கல்லை உருட்டி, உட்கார்ந்து..."

"காட்டினேன். வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். பெரிய இவளாட்டம் எழுந்து போனேன் பாருங்க, தப்பு என் மேலயும்தான். ஏழு நம்பர் போட்டுப் பேசாதீங்கன்னு காட்டினா, பொணமாட்டம் உட்கார்ந்திருப்பீங்கன்னு நான் கண்டேனா?"

"ஆனா... மீனு..."

"அது மீனுங்கய்யா! வந்தது உங்க பொண்ணு. மீனு என்னிக்காவது மலை ஏறி வந்து உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு 'அப்பா'ன்னுச்சா?"

அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

கீழே, தேயிலைக்கு அப்பால், பஸ்ஸின் ஹார்ன் ஒரு தடவை கேட்டது.

"டிரைவர் டீ குடிக்கிறாரு" என்றாள் தவமணி. "ரெண்டாவது தடவை அடிச்சாத்தான் எடுப்பாரு. எதிர்க்கரைக் குறுக்குப் பாதையில இறங்கினா பிடிச்சிரலாம். எழுந்திருங்க."

எழுந்தார். மடுவைச் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊனாமல், நிழல் தண்ணீரில் விழாதபடி குனிந்து, ஓரமாக இரண்டடி வைத்தார்.

"ஐயா!"

நின்றார்.

"நடுவுல இறங்கி ஓடுங்க. மிதிச்சுக்கிட்டு ஓடுங்க."

குலசேகரன் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அதில் காலை வைத்தார். முழங்கால்வரை சில்லென்று ஏறியது. கல் புரண்டது. மடு முழுக்கக் கலங்கிற்று. எதிர்க்கரையில் ஏறிக் குறுக்குப் பாதையைப் பிடித்த பிறகு, ஒரு கணம், பழைய பயம் அவரைப் பிடித்து நிறுத்தியது. ஈரச் செருப்போடு திரும்பினார். அறுபத்தாறு வயசுக்காரரின் முகமாக அது இல்லை.

"போய் என்ன அம்மா சொல்றது?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அப்புறம்?"

"அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம். பஸ் சத்தத்துக்கு மேல கேக்கணும். கத்துங்கய்யா."